பதினொரு செக்கன்

சம்மாந்துறையில், நெல் ஆலையின் மேல்மாடியில்
உமித்தூசு படிந்த லேப்டொப்பில்
ஒரு வரி தட்டுகிறேன்.
ஒரு தரவுத்தளம் எழும்புகிறது,
டிஸ்க்கில் ஒரு எழுத்தும் படாமல்
மெமரியில் மட்டும்.
போர்ட்டை அதுவே பிடித்துக்கொள்ளும்.
இன்றைக்கு ஐம்பத்திரண்டாயிரத்துச் சொச்சம்,
நாளைக்கு வேறு. நான் கேட்பதில்லை.

அதற்குள் விவசாயிகளை இறக்குகிறேன்.
ஒன்று, இரண்டு என்று இலக்கம் போட்டால் போதும்தான்,
மனம் வரவில்லை.
ஈரநெல் இதுரூஸ்: ஈரப்பதன் பத்தொன்பது.
சில்லறைச் சின்னவன்: அரை மூட்டையோடு வருவான்.
இரட்டை இராசகுலம்:
ஒரே நிமிசத்தில் இரண்டு லொறி.

இவர்களுக்கு வயல் இல்லை.
வட்டவிதானையிடம் தண்ணீருக்கு நின்றதில்லை.
யானை வேலி, உரமானியம், வெட்டுமெசின் வாடகை
ஒன்றும் தெரியாது.
நெல்லோடு பிறக்கிறார்கள்,
நிறுத்து, கழித்து, துண்டு வாங்கி
பதினொராவது செக்கனில்
சேர்வரோடு சேர்ந்து இல்லாமல் போகிறார்கள்.

முதலில் எல்லோரையும் ஒரே சேர்வரில் விட்டிருந்தேன்.
இதுரூஸ் விட்டுப்போன மூட்டைகள்
சின்னவன் கணக்கில் ஏறிக் கிடந்தன.
ஒரு நாள் முழுக்கத் தேடினேன்.
இப்போது ஆளுக்கொரு சேர்வர்,
ஆளுக்கொரு வெற்று உலகம்.

உவைஸ் ஹாஜியார் படியேறி வந்து பார்த்தார்.
"எங்க புள்ள அந்தக் கணக்கு?"
"முடிஞ்சிட்டு ஹாஜியார். அழிஞ்சிட்டு."
"அழிக்கிறதுக்கா உனக்குச் சம்பளம்?"
சிரித்தேன்.
அவருடைய கணக்கு கீழே, கண்ணாடி அறையில்,
ஏசியும் யூபிஎஸ்ஸும் காவலுக்கு,
இரவிரவாய்ப் பிரதி எடுத்து
கொழும்புக்கு ஒன்று, பெட்டகத்துக்கு ஒன்று.

செவ்வாய்க்கிழமை. மழை. கரண்ட் இல்லை.
இராசகுலம் வந்தான்.
முப்பத்தெட்டும் நாற்பத்தொன்றும்
எழுபத்தொன்பது என்று நான் எழுதி வைத்திருந்தேன்.
நாற்பத்தொன்று என்றது திரை, சிவப்பில்.
மறுபடி ஓட்டினேன்: எழுபத்தொன்பது, பச்சை.
மறுபடி: நாற்பத்தொன்று.
இருபது தரம் ஓட்டினேன். ஏழு தரம்
முதல் லொறி காணாமல் போனது.
ஒவ்வொரு தரமும் புது இராசகுலம்,
முன்னவன் தோற்றது தெரியாமல்
இரண்டு லொறியோடு உள்ளே வந்தான்.

போன கன்னையில் கேற்றடியில் ஒரு மனிதர் நின்றார்.
நல்லரெத்தினம், மல்வத்தை.
"ரெண்டு லோட் போட்டன் தங்கச்சி."
கண்ணாடி அறையைத் திறந்து பார்த்தோம்:
ஒரு லோட்.
திரையை அவர் பக்கம் திருப்பியது நான்தான்.
மெசின் பொய் சொல்லாது என்றதும்.
அவர் திரையைப் பார்த்தார், தராசைப் பார்த்தார்,
பெட்டியடிப் பையன்கள் சிரிப்பதையும் பார்த்தார்,
சைக்கிளைத் திருப்பினார்.

இரவிரவாய்ப் பிரதி எடுத்துக் காத்தோமே,
அந்த ஒரு லோட்டை.

அவர் பெயரைத் தேடினேன். இருக்கிறது.
தொலைபேசி இலக்கம் இருக்கிறது,
ஒன்பதுதான். பத்தாவதை
யாரோ தட்டாமல் விட்டிருக்கிறார்கள்.
மல்வத்தைக்கு நேரிலேதான் போகவேண்டும்.
வெறுங்கையோடு போக முடியாது.

லேப்டொப்பைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினேன்.
பற்றரி பதினான்கு வீதம்.
ஹாஜியார் அஸர் தொழுதுவிட்டு
தொப்பியைக் கழற்றாமல் இருந்தார்.
"என்ன புள்ள, திரும்ப அழிக்கப் போறியா?"
"இருங்க ஹாஜியார். பதினொரு செக்கன்."

வரியைத் தட்டினேன்.
எங்கேயோ ஒரு போர்ட் திறந்தது.
இராசகுலம் லொறிகளோடு வந்துகொண்டிருந்தான்.
நாலு வருசமாய்ப் பச்சைக்காகவே இருந்தவள்
முதன்முதலாய்க் கேட்டேன்:
யா அல்லாஹ்,
இந்த ஒரு தரம் சிவப்பாய் வரட்டும்.